தறிக்குழி இல்லாத மாடி

எங்கள் வீட்டுக்கு வழி கேட்டவர்களுக்கு நான் தெருப் பெயர் சொன்னதே இல்லை. "மார்க்கெட்டுக்குள்ள நுழைஞ்சீங்கன்னா வெங்காயக் கடைக்கும் வாழைக்காய்க் கடைக்கும் நடுவுல ஒரு படி ஏறும். அதுல ஏறி வாங்க" என்பேன். கேட்டவர் முகம் ஒரு மாதிரி ஆகும். மார்க்கெட்டுக்குள்ளே போய் யாராவது குடியிருப்பார்களா என்று நினைப்பார்கள். நாங்கள் குடியிருந்தோம். கீழே கத்தரிக்காய், மேலே நாங்கள்.

அறுபதுகளின் முடிவில் காஞ்சிபுரத்தில் எழும்பிய கட்டடம் அது. தெருவோரத்தில் வெயிலிலும் மழையிலும் கூடை வைத்து விற்றவர்களுக்காகக் கூரை போட்ட மார்க்கெட். அவ்வளவு பெரிய கட்டடத்தின் தலையைச் சும்மா விடுவானேன் என்று மேலே குடியிருப்பு. நடுவில் கூரைவரைக்கும் திறந்த வெளி. அதைச் சுற்றி நாலு பக்கமும் கீழே கடைகள், கடைகளுக்கு மேல் வீடுகள். வீட்டுக் கதவைத் திறந்தால் இரும்புக் கம்பி போட்ட நடை. கம்பியைப் பிடித்துக் குனிந்தால் மார்க்கெட் முழுக்கத் தெரியும். கூரையில் கண்ணாடி பதித்திருந்தார்கள். அதன் வழியாக இறங்கும் வெயில் முதலில் எங்கள் நடையில் விழும், பிறகுதான் தக்காளிக்குப் போகும்.

வெளிச்சம் மேலிருந்து கீழே போனது போல, வாசனை கீழிருந்து மேலே வந்தது. காலையில் கொத்தமல்லி. வெயில் ஏற ஏற வாழைப்பழம். சாயங்காலம் அழுகல் முட்டைக்கோஸ், அதையும் சொல்லத்தானே வேண்டும். முதல் வாரம் மூக்கைப் பொத்திக்கொண்டேன். அப்புறம் கடிகாரமே தேவைப்படவில்லை, மூக்கே மணி சொன்னது.

அந்த ஓர் அறை, ஒரு சமையல்கட்டு, ஒரு ஜன்னல் எனக்கு எவ்வளவு பெரியது என்று சொன்னால் இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குச் சிரிப்பு வரும். நான் கல்யாணமாகிப் போன வீட்டில் மூன்று தறிகள். வீடு என்று பெயரே தவிர அது தறிகளுடைய வீடு. மிச்சமிருந்த இடத்தில் மனிதர்கள் ஒண்டிக்கொண்டிருந்தோம். ஒவ்வொரு தறிக்கும் தரையில் ஒரு குழி. நெய்கிறவர் குழியின் விளிம்பில் உட்கார்ந்து, காலை உள்ளே தொங்கப் போட்டு, அடியில் இருக்கும் மிதியை மிதிப்பார். குழிக்கு இந்தப் பக்கம் பாய் விரித்து நானும் என் வீட்டுக்காரரும், அந்தப் பக்கம் என் ஓர்ப்படியின் பிள்ளைகள். மழைக்காலத்தில் குழிக்குள் தவளை புகுந்துகொண்டு கத்தும். புதுசாகக் கல்யாணமானவர்கள் ஒரு வார்த்தை பேசிக்கொள்ள வேண்டுமென்றால் தவளை கத்தும் நேரம் பார்த்துத்தான் பேச வேண்டும். தவளை புண்ணியவான். என் குடும்பத்தை அதுதான் நடத்தியது.

அந்த வீட்டுக்குப் பெரியவர் என் மூத்தார், அதாவது கணவரின் அண்ணன். கெட்ட மனிதர் இல்லை. தகப்பன் இல்லாத தம்பியை வளர்த்துத் தொழில் கற்றுக்கொடுத்தவர் அவர்தான். ஆனால் எங்களில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தாரும் தம்பி பெண்டாட்டியும் நேருக்கு நேர் பேசிக்கொள்ளக் கூடாது. அவர் வந்தால் நான் எழுந்து கதவுக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். எனக்கு ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் அவர் தூணைப் பார்த்துச் சொல்வார். "குழம்புல உப்பு கம்மியா இருக்குதுன்னு சொல்லு" என்று. தூணா போய்ச் சொல்லும்? நான் பின்னாலிருந்து கேட்டுக்கொள்வேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் குரல் எனக்குத் தெரியும், என் குரல் அவருக்குத் தெரியுமோ என்னவோ.

மார்க்கெட் மாடியில் நெசவாளர்களுக்கும் சில வீடுகள் ஒதுக்கினார்கள். என் வீட்டுக்காரர் மனுப் போட்டார். நான்தான் போட வைத்தேன். குலுக்கலில் எங்களுக்கும் ஒன்று விழுந்தது. அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "ஜன்னல் இருக்குது, குழா இருக்குது, கதவுக்குத் தாழ்ப்பா இருக்குது, காத்து பிச்சிக்கினு போவுது" என்றார். தாழ்ப்பாள் என்றதுமே என் காதில் வேறொன்றும் விழவில்லை. அவருக்கும் வேறொன்றும் தோன்றவில்லை. நாள் பார்த்தோம், பால் காய்ச்சினோம். தறியைப் பிரித்துக் கட்டை கட்டையாகக் கைவண்டியில் ஏற்றிக்கொண்டு மார்க்கெட்டுக்குள் நுழைந்தோம்.

வாழைக்காய்க் கடைக்காரம்மாதான் முதலில் கேட்டாள். "எல்லாம் எத்திக்கினு வந்துட்டியே, குழியை எந்த வண்டியில வெச்சிருக்கேப்பா?"

ஒரு நிமிஷம் எங்களுக்குப் புரியவில்லை. புரிந்தபோது மார்க்கெட்டே சிரித்துக்கொண்டிருந்தது.

நீங்கள் நம்ப மாட்டீர்கள். பரம்பரை பரம்பரையாகக் குழியில் கால் விட்டு நெய்த குடும்பம், மாடியில் குழி வெட்ட முடியாது என்பதை மறந்துவிட்டது. எப்படி மறப்பீர்கள் என்று கேட்டால், மீனிடம் தண்ணீரைப் பற்றிக் கேட்பது போலத்தான். குழி என்பது எங்களுக்குத் தரையோடு சேர்ந்தது. வீடு என்றால் சுவர் இருக்கும், கூரை இருக்கும், குழி இருக்கும். கட்டடத்துக்குப் படம் போட்டவர்மேல் எனக்குக் கோபமே இல்லை. நாங்களே நினைக்காததை அந்த மனிதர் எப்படி நினைப்பார்? ஆழம் தெரியாமல் காலை விட்டான் என்பார்கள். எங்களுக்குக் காலை விட ஆழமே இல்லை.

விஷயம் அன்றே மூத்தார் காதுக்குப் போய்விட்டது. மீதிப் பாத்திரங்களை எடுக்கப் போனபோது அவர் கூடத்தில் உட்கார்ந்திருந்தார். தூணைப் பார்த்தார். "சொல்லு, அவன் குழியை நான் மூடல. பலகை போட்டு வெச்சிருக்கேன். எப்ப வேணாலும் வரலாம்" என்றார்.

கதவுக்குப் பின்னால் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. திட்டியிருந்தால் பதிலுக்கு மனசுக்குள்ளாவது திட்டியிருப்பேன். அன்பாகச் சொன்னாரே, அதற்கு என்ன செய்வது? அந்தப் பலகை இருக்கிற வரைக்கும் என் தாழ்ப்பாள் என் தாழ்ப்பாள் இல்லை என்று அங்கேயே தெரிந்துவிட்டது. தறி ஓடவில்லையென்றால் திரும்பப் போக வேண்டும். பாய், தவளை, தூண். எப்பாடு பட்டாவது அந்த மாடியை விடக் கூடாது என்று அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டே நினைத்தேன்.

என் வீட்டுக்காரர் மாடியில் செங்கல் அடுக்கி, மரப்பலகை போட்டு ஒரு மேடை கட்டினார். பூமிக்குள் இறங்க முடியாது என்றால் மேலே ஏறிவிடுவோம் என்று, மேடைமேல் தறி, மேடைக்குள் கால். உட்கார்ந்தால் தலை கூரையைத் தொடப் பார்க்கும். கோபுரத்துப் பொம்மை மாதிரி உயரத்தில் இருந்துகொண்டு குறுக்கு நூல் ஓட்டும் நாடாவை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தள்ளுவார். நூல் சுற்றிய தாரை எடுத்துக் கொடுக்க நான் முக்காலிமேல் ஏற வேண்டும். ஆனாலும் தறி ஓடியது. குறுக்கு நூலை நெருக்கத் தறிப் பலகையை இழுத்து அடிக்கும்போதெல்லாம் வீடே தொம் தொம் என்றது. எனக்கு அது மேளச் சத்தமாகத்தான் கேட்டது.

கீழே ஒருத்திக்கு அது இடிச் சத்தமாகக் கேட்டது. எங்கள் வீட்டுக்கு நேர் கீழே தயிர்க்கடை. கடைக்காரம்மா பக்கத்துக் கிராமமான முசரவாக்கத்துக்காரி, நாற்பது வயசுக்கு மேலிருக்கும், பயிர் வைக்கிற குடும்பம். காலையில் ஊரிலிருந்து பாலும் தயிரும் கொண்டுவருவாள். விற்காத பாலைக் கடையிலேயே காய்ச்சி உறை ஊற்றி, மத்தியானத்துக்குத் தயிராக விற்பாள். ஒரு நாள் பட்டப்பகலில் மார்க்கெட் நடுவில் வந்து நின்று, அண்ணாந்து பார்த்துக் கத்தினாள்.

"யம்மா, மேல் வூட்டும்மா! உன் வூட்டுக்காரரு தறி போடறாரா, இல்ல என் தலைமேல கல்லு ஒடைக்கறாரா? நாலு நாளா என் தயிரு தோயல. தண்ணி தண்ணியா நிக்குது!"

நான் கம்பியைப் பிடித்துக் குனிந்தேன். "உன் பாலுல தண்ணி இருந்தா தயிருலயும் தண்ணி நிக்கும். அதுக்கு எங்க தறி இன்னா பண்ணும்?"

மார்க்கெட் முழுக்க "ஓ" என்றது. அந்தக் கட்டடத்தில் சண்டை போடுவதற்கு ஈடு இணை கிடையாது. மேலே ஒருத்தி, கீழே ஒருத்தி, சுற்றிலும் சபை. எந்த வார்த்தையும் வீணாகாது, சுவரில் பட்டுத் திரும்பி வந்து இரண்டு தடவை கேட்கும். அவளும் லேசுப்பட்டவள் இல்லை. பசு ஈன்ற நாளிலிருந்து ஆரம்பித்தாள். நானும் விடவில்லை. கடைசியில் அவள், "இரு, ஆபீசுல எழுதிக் குடுத்து உன்னை எறக்கறேனா இல்லயா பாரு" என்றாள். அந்த ஒரு வார்த்தையில் என் வாய் அடங்கிவிட்டது. எழுதிக்கொடுத்தால் போச்சு.

உள்ளே வந்தால் என் வீட்டுக்காரர் மேடையிலிருந்து இறங்கி உட்கார்ந்திருந்தார். "எனக்கும் கால் நெலத்துல இல்லாத மாதிரியேதான் இருக்குது. அடி சரியா விழமாட்டேங்குது. வூட்டுக்கே போய்டலாமா?" என்றார்.

திரும்பிப் போகலாம் என்றதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அதை வீடு என்றாரே. இது மாடி, அது வீடு. பண்டிகைக்கு அண்ணனைப் பார்க்கப் போகும்போதும் "வூட்டுக்குப் போய்ட்டு வரேன்" என்றுதான் சொல்லிவிட்டுப் போவார். நான் விளக்கேற்றிக் கோலம் போட்டுக் குடியிருக்கிற இடத்துக்கு அவர் வாயில் பெயரே இல்லை.

"ஒரே ஒரு நாளு குடுங்க. அவ பொய் சொல்றாளா இல்லயான்னு நானே பாத்துட்டு வரேன்" என்று சொல்லிவிட்டு மறுநாள் கீழே இறங்கினேன். அவள் கடையில் போய்க் கேட்காமலே உட்கார்ந்தேன். "உறை ஊத்து. நான் பாக்கறேன்" என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். உறை ஊற்றிச் சட்டிகளை உறியில் வைத்தாள். பூனைக்கும் எலிக்கும் பயந்து உறியைக் கூரைக் கொக்கியில் மாட்டியிருந்தாள். அந்தக் கூரைதான் எங்கள் தரை.

மேலே தறி ஓட ஆரம்பித்தது. தொம். உறி ஒரு நடுக்கம் நடுங்கியது. தொம். சட்டியில் பால் வட்டம் வட்டமாக அலையடித்தது. உட்கார உட்கார எனக்கு உடம்பு கூசியது. தொட்டிலை உலுக்கிக்கொண்டே இருந்தால் எந்தப் பிள்ளை தூங்கும்? மத்தியானம் அவள் ஒரு சட்டியை இறக்கிக் காட்டினாள். மோராகவும் இல்லை, தயிராகவும் இல்லை.

"இன்னாம்மா, பால்ல தண்ணியா?" என்றாள்.

"இல்லக்கா" என்றேன். வேறென்ன சொல்ல?

அவள் சிரித்துவிட்டாள். முழங்காலைப் பிடித்துக்கொண்டு கடைக்குப் பின்பக்கம் போய் ஒரு சாக்கின்மேல் காலை நீட்டினாள். அப்போதுதான் அந்தப் பின்பக்கத்தைப் பார்த்தேன். கடையின் பாதி சும்மா கிடந்தது. பின்சுவரில் கம்பி போட்ட ஒரு சின்ன ஜன்னல், அதில் நல்ல வெளிச்சம். தரையில் கடப்பைக் கல். கல்லுக்கு அடியில் மண்.

"யக்கா, இந்தக் கல்லுக்குக் கீழ இன்னா இருக்குது?"

"பூமாதேவி இருக்கா. வேற இன்னா இருக்கும்?"

தேடிக்கொண்டிருந்த குழி எங்கள் காலுக்கு நேர் கீழே, ஒரு தளம் தள்ளி இருந்திருக்கிறது. அவளுக்கு வேண்டியது ஆடாத இடம், பூனை வராத கதவு, கொஞ்சம் காற்று, காலை நீட்ட ஒரு மூலை. எல்லாம் என் மாடியில் இருந்தது. எங்களுக்கு வேண்டியது மண். அது அவள் கடையில் இருந்தது. படம் போட்டவர் தொழிலைக் கீழேயும் குடித்தனத்தை மேலேயும் வைத்தார். எங்கள் தொழில் கீழே போக வேண்டும், அவள் சட்டிகள் மேலே போக வேண்டும், அவ்வளவுதான் சங்கதி.

சொன்னேன். அவள் காலை மடக்கி உட்கார்ந்து யோசித்தாள். "அடியே, நேத்துத்தான் என் மாட்டையே சந்தேகப்பட்டே" என்றாள். அப்புறம், "கல்லை ஜாக்கிரதையா தூக்கச் சொல்லு, ஒடஞ்சா நான் பொறுப்பில்ல" என்றாள்.

இரண்டு கல்லைப் பெயர்த்துக் குழி வெட்டினோம். மேடையைப் பிரித்த செங்கல்லையே குழிக்குச் சுவராக வைத்தோம். கடைக்கு நடுவில் சாக்குப் படுதா கட்டினோம். படுதாவுக்கு முன்னால் தயிர், பின்னால் தறி. உறை ஊற்றிய சட்டிகள் எங்கள் மாடிக்கு ஏறின. என் வீட்டுக்காரர் காலைக் குழிக்குள் விட்டு உட்கார்ந்தார். உள்ளங்கால் மண்ணைத் தொட்டதும், "அப்பாடா" என்றார். தறியை அடித்தார். சத்தம் பூமிக்குள் போய்விட்டது.

நல்லது நடந்தால் பின்னாலேயே ஒருவர் வருவார் இல்லையா? மார்க்கெட் சூப்பர்வைசர் வந்தார். படுதாவை விலக்கிப் பார்த்தார். "இது இன்னா குழி?"

"சட்டி வெக்கிற குழிங்க. குளுகுளுன்னு இருக்கும்" என்றாள் தயிர்க்காரம்மா, கண்ணிமைக்காமல்.

"சட்டிக்கு மேல தறி எதுக்கும்மா?"

"பூனை வராதுங்க."

அவருக்கு உதடு துடித்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "இது சாப்பாட்டுச் சாமான் விக்கிற எடம். முன்னாடி வியாபாரம் நடந்துக்கினே இருந்தா நான் பின்னாடி பாக்கல. ஒரு பொழுது கடை மூடியிருந்தாலும் தறியைத் தூக்கிடுவேன்" என்றார்.

தயிர்க்காரம்மா மத்தியானத்துக்கு மேல் ஊருக்குப் போய்விடுவாள். மாடு கறக்க வேண்டும், கழனி பார்க்க வேண்டும். அப்புறம் முன்னால் யார் உட்காருவது? அவளும் என்னைப் பார்த்தாள், நானும் அவளைப் பார்த்தேன்.

"எங்க வூட்டுப் பொம்பளைங்க மார்க்கெட்ல ஒக்காந்து வித்ததில்ல" என்றார் என் வீட்டுக்காரர், படுதாவுக்குப் பின்னாலிருந்து.

"உங்க வூட்டுப் பொம்பளைங்க மாடியில குடியிருந்ததும் இல்ல. நான் இருக்கேன்" என்றேன்.

அப்படித்தான் நான் தயிர் விற்றேன். சும்மா சொல்லக் கூடாது, முதல் நாள் வெட்கமாகத்தான் இருந்தது. தெரிந்த முகம் எதிரில் வந்தால் முந்தானையை இழுத்துக்கொண்டேன். பிறகு பழகிவிட்டது. எனக்குத்தான் வாய் இருக்கிறதே, வாயுள்ள பிள்ளை பிழைக்காதா? பக்கத்தில் ராட்டினம் வைத்துக்கொண்டு தாரும் சுற்றினேன். பட்டுக்கு ஒரு துண்டு, தயிருக்கு ஒரு துண்டு. மாற்றித் துடைத்தேனோ தொலைந்தேன். ஒரு தடவை பட்டு முதலாளி நெய்த சேலையைப் பிரித்து முகர்ந்து பார்த்து, "இன்னாப்பா, கொத்தமல்லி வாசனை அடிக்குது?" என்றார். "இது வெறும் ஜரிகை இல்லீங்க, தாளிச்ச ஜரிகை" என்று என் வீட்டுக்காரர் சொன்னாராம். அவருக்கும் இப்படிப் பேச வருமென்று எனக்கு அன்றுதான் தெரியும்.

மூத்தாருக்குச் சேதி போயிற்று. ஊர் வாயை மூட உலைமூடி ஏது? தம்பி பெண்டாட்டி நாலு பேர் நடுவில் உட்கார்ந்து தயிர் விற்கிறாள் என்று. அவர் சாப்பாட்டிலிருந்து எழுந்துவிட்டாராம். "அந்தப் படியில என் கால் படாது" என்று சொன்னதாக ஓர்ப்படி சொல்லியனுப்பினாள். பொங்கலுக்குத் தம்பி போனபோது பேசினார், என்னைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. திரும்பி வந்தவரிடம் நான் ஒன்றே ஒன்றுதான் கேட்டேன்.

"பலகை இருக்குதா?"

"இருக்குது" என்றார்.

அப்போதெல்லாம் உட்கார்ந்து யோசிப்பேன். தனி வீடாக இருந்தால் கோபித்துக்கொண்டவர் வராமலே இருந்துவிடலாம். தெருவை மாற்றிப் போகலாம். ஆனால் எங்கள் வீட்டுக்குக் கீழே ஊரே சாப்பிடுகிற காய்கறி இருந்தது. யார் எங்களோடு பேசாமல் இருந்தாலும் புடலங்காய்க்காவது ஒரு நாள் வந்துதானே ஆக வேண்டும். பேசாதவர்கள் வந்தார்கள், தலையைத் திருப்பிக்கொண்டு வாங்கிப் போனார்கள், அடுத்த தடவை பாதி திருப்பினார்கள். மூத்தார் மட்டும் வரவில்லை. ஓர்ப்படியைக்கூட வேறு கடைக்குத்தான் அனுப்பினார்.

வைகாசி வந்தது. வரதராஜப் பெருமாளுக்குக் கருட சேவை. ஊருக்கே அன்று சொந்தக்காரர்கள் வருவார்கள். ஒவ்வொரு வீட்டிலும் இலை இலையாகப் பந்தி நடக்கும். வெயிலோ தலையைப் பிளந்தது. அந்த வெயிலில் வெளியே உறை ஊற்றிய தயிரெல்லாம் புளித்துப்போய்விட, ஊரில் நல்ல தயிருக்குப் பஞ்சம் வந்துவிட்டது. எங்கள் மாடியில், ஜன்னல் காற்றில், ஆடாமல் அசையாமல் தோய்ந்த தயிர் மட்டும் வெட்டி எடுக்கிற மாதிரி நின்றது. தயிர்க்காரம்மா நீர்மோர்ப் பந்தலுக்குப் போயிருந்தாள். நான் தனியாக இருந்தேன். படுதாவுக்குப் பின்னால் தறி ஓடிக்கொண்டிருந்தது. திருநாளிலும் அவர் ஒரு முழம் நெய்துவிட்டுத்தான் எழுந்திருப்பார்.

கூட்டத்தில் நாமம் போட்ட ஒரு நெற்றி தெரிந்தது. கையில் பித்தளைத் தூக்கு. மூத்தார்.

எழுந்து ஓடத்தான் கால் துடித்தது. எங்கே ஓடுவது? முன்னால் சட்டிகள், பின்னால் படுதா, சுற்றிலும் வாங்க நிற்கிறவர்கள். ஒளிந்துகொள்ளக் கதவு இல்லாத இடத்தில் அன்று மாட்டிக்கொண்டேன். அவரும்தான் மாட்டிக்கொண்டார். இந்தப் பக்கம் பார்த்தார், அந்தப் பக்கம் பார்த்தார். தூணும் இல்லை. கடைசியில் தயிர்ச் சட்டியைப் பார்த்து, "தயிர் இருக்குதா?" என்றார்.

சட்டி எங்கே பதில் சொல்லும்?

"இருக்குதுங்க மாமா" என்றேன். அதுதான் நான் அவரிடம் பேசிய முதல் வார்த்தை. என் குரல் எனக்கே புதுசாக இருந்தது.

அவர் நிமிர்ந்தார். முதல் தடவையாக என் முகத்தைப் பார்த்தார். "வூட்ல சனம் ஒக்காந்திருக்குதும்மா. ஊர் பூரா சுத்திட்டேன்" என்றார். கோபமாக இல்லை, களைத்துப்போய் இருந்தார். தூக்கை நீட்டினார். வாங்கி நிரப்பினேன். காசு கொடுத்தார். வேண்டாம் என்று சொல்ல வாய் வந்தது, சொல்லவில்லை. கையை நீட்டி வாங்கிக்கொண்டேன். கடைக்காரியாக அங்கே உட்கார்ந்துவிட்டு அந்த வீட்டு மருமகளாக நடித்தால் நன்றாக இருக்காது.

அப்புறம் எனக்கு என்ன தைரியம் வந்ததோ, "மேல வாங்க மாமா. வீட்டைப் பாத்துட்டுப் போங்க" என்றேன்.

அவர் அண்ணாந்தார். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் இறங்கிக்கொண்டிருந்தது. நடைக் கம்பியில் என் மஞ்சள் சேலையும் அவர் தம்பி வேட்டியும் காய்ந்துகொண்டிருந்தன. கதவில் மாவிலைத் தோரணம். வாசலில் கோலம் தெரியாது, துளசித் தொட்டி தெரியும். அவர் நெடுநேரம் பார்த்தார். பின்னால் நின்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

"வேணாம்மா. இங்கேர்ந்தே தெரியுது" என்றார்.

தூக்கை எடுத்துக்கொண்டு நாலடி போனார். திரும்பி வந்தார். படுதாவையும் பார்க்காமல் என்னையும் பார்க்காமல் சொன்னார்.

"குழியை மூடிட்டேன். மண்ணைப் போட்டுச் சிமெண்டும் பூசியாச்சு. பசங்க அங்க பாய் போட்டுப் படுத்துக்குதுங்க."

படுதாவுக்குப் பின்னால் தறி நின்றது.

இந்த வார்த்தைக்காகத்தானே நான் இத்தனை பாடுபட்டேன்? பலகை போக வேண்டும் என்று எத்தனை நாள் வேண்டியிருப்பேன். போய்விட்டது. ஜெயித்துவிட்டேன். ஆனால் சந்தோஷம் வரவில்லை. இனிமேல் கஷ்டம் வந்தால் காலை விட அங்கே குழி இல்லை. எனக்கே இப்படி இருந்தால், சின்ன வயசிலிருந்து அந்தக் குழியில் கால் விட்டு வளர்ந்தவருக்கு எப்படி இருந்திருக்கும்?

மூத்தார் தறி நின்றதைக் கவனித்தார். "ஏன் நிறுத்திட்டான்? ஓட்டச் சொல்லு" என்றார், இப்போது என்னைப் பார்த்து. கூட்டத்தில் கலந்து போய்விட்டார். சற்று நேரம் கழித்துத் தறி மறுபடி ஓடியது, முதலில் மெதுவாக.

சாயங்காலம் சட்டிகள் காலி. பெருமாள் பார்த்துவிட்டு வந்தவர்கள் கலைந்துகொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் குழியிலிருந்து எழுந்து வந்தார், பாதத்தில் மண் ஒட்டியிருந்தது. கண் சிவந்திருந்ததா என்று நான் பார்க்கவில்லை. துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

"வா, வூட்டுக்குப் போலாம்" என்றார்.

எந்த வீட்டுக்கு என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் வெங்காயக் கடைக்குப் பக்கத்துப் படியில் ஏற ஆரம்பித்துவிட்டார்.